உங்க மேல தப்பில்லக்கா

எங்கள் டோபியின் வாசலில் ஓர் அம்மன் படம் மாட்டியிருக்கும். டோபி என்றால் தெருவோரத்துச் சின்னக் கடை இல்லை. கிள்ளான் பட்டணத்தைத் தாண்டி, லோரிகள் ஓடும் சாலையில் இருக்கும் பெரிய சலவைக்கூடம். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பும் நோயாளிகளின் உடுப்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, காய வைத்து, மடித்து அனுப்புவோம். காலையில் உள்ளே நுழையும்போது ஆத்தா படத்தின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

நோய்க்காலம் வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோதும் எங்களுக்கு மட்டும் வேலை இருந்தது. அத்தியாவசியத் தொழிலாளர்கள் என்று ஒரு பெயர் கொடுத்து, போலீஸ் தடுப்பில் காட்டுவதற்கு ஆளுக்கொரு கடிதமும் கொடுத்தார்கள். மேனேஜர் கை சுத்தம் செய்யும் மருந்துப் போத்தலை வருகை அட்டை போடும் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தார். அட்டை போடுகிற அவசரத்தில் பாதிப் பேர் அதை மறந்துவிடுவோம். அவர் கத்துவார். மறுநாளும் மறப்போம். கடைசியில் ஒரு நாள், எல்லாரும் ஒரே கண்ணாடியைத் தொட்டு அதே கையைக் கண்ணில் வைக்கிறீர்கள், அந்தப் படத்தையே கழற்றிவிடப் போகிறேன் என்றார். படத்தில் கை வைத்தால் நாளையிலிருந்து நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குத்தான் நான் சொல்ல வந்த பெண்பிள்ளை முதன்முதலாக வந்திருந்தது. முப்பது வயது சொல்லலாம். ஒல்லியான உடம்பு, முகக்கவசத்துக்கு மேலே பெரிய மூக்குக் கண்ணாடி, மூச்சு விட்டால் அதில் ஆவி படியும். யாரோடும் பேசாமல் காலை முழுக்க வாசல் மூலையில் நின்று, நாங்கள் உள்ளே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தது. சண்டை முற்றும்போது அது மெதுவாக நடந்து போய் ஒரு முக்காலியைத் தூக்கி வந்து படத்துக்கு முன்னால் போட்டது. போத்தலை எடுத்து அதன் மேல் வைத்தது.

"சாமியத் தொடுறதுக்கு முந்தி கையச் சுத்தம் பண்ணணும்னு நமக்குத் தெரியாதா? போத்தல் தப்பான எடத்துல இருந்துச்சு, அவ்வளோதான். உங்க மேல தப்பில்லக்கா."

அதற்குப் பிறகு ஒருவர்கூட மறக்கவில்லை. மேனேஜருக்குக் கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது.

அந்தப் பிள்ளையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கேட்டால், என் பேரு எதுக்குக்கா என்றுதான் சொல்லும். கோலாலம்பூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் தாயாரோடு குடியிருந்தது. கைப்பேசியில் வரும் செயலிகளில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எந்த வார்த்தை வர வேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் தொழில். எங்கள் ஆட்களை நோய் தொற்றாமல் காக்க ஒரு செயலி வேண்டும் என்று எங்கள் முதலாளி அந்த நிறுவனத்தைக் கேட்டிருந்தார். அதற்காகத்தான் வந்தது.

முதலில் செய்த செயலி பெரிய கூத்தாகிவிட்டது. யாருடைய கைப்பேசிக்குப் பக்கத்தில் யாருடைய கைப்பேசி எவ்வளவு நேரம் இருந்தது என்று அது தானாகவே குறித்துக்கொள்ளும். ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் அவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு எச்சரிக்கை போகும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இயந்திரக் கூடத்துக்குள் நாங்கள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் உள்ள ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போவோம். காலையிலிருந்து மாலை வரை எல்லாருடைய கைப்பேசியும் அந்தக் கூடையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். உலர்த்தும் பகுதியில் ஒருவருக்கு நோய் கண்டதும், சாயங்காலம் கூடையைத் தொட்டால் அத்தனை கைப்பேசியும் சிவப்பு. வெளியே கேட்டில் நிற்கும் காவலாளிக்கும் சிவப்பு. அவர் கைப்பேசியைச் சார்ஜ் போடுவது கூடைக்குப் பக்கத்தில்தான்.

எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினால் துணியை யார் துவைப்பது என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். கைப்பேசியைக் கூடையில் போட்ட அறிவுகெட்டவர்கள் என்று எங்களைத்தான் திட்டினார். கூடையில் போடச் சொன்னதே அவர்தான். அந்தப் பிள்ளை கூடையை எட்டிப் பார்த்தது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தது.

"எல்லா ஃபோனும் கட்டிப்பிடிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கு சார். முதல்ல இதுங்களத்தான் தனிமைப்படுத்தணும்."

எனக்கு ஜோடியாக வேலை செய்யும் செல்வி, "போவட்டும்லா, நம்மதான் ஒட்டி உக்காந்து பேச முடியல, நம்ம ஃபோனாவது பேசட்டும்" என்றாள். மேனேஜரே சிரித்துவிட்டார்.

பல வாரம் பாடுபட்டுச் செய்த செயலியாம் அது. கூடை ஒன்று இருப்பதை நான் பார்க்கவில்லை, தப்பு என் மேல் என்று சொல்லிவிட்டு, அந்தப் பகுதி முழுவதையும் பிள்ளையே தூக்கி எறிந்தது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் வைத்த குழம்பில் உப்பு கூடிவிட்டால்கூட ரெண்டு நாளைக்கு எனக்கு மனசு ஆறாது.

அடுத்ததாக, தினமும் காலையில் கேள்வி கேட்கும் செயலியாக அது மாறியது. காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருக்கிறதா? ஆமாம் என்று ஒரு பட்டன், இல்லை என்று ஒரு பட்டன். ஆமாம் என்று அமுக்கினால் மேனேஜருக்குத் தகவல் போகும், வேலைக்கு வர வேண்டாம் என்று நமக்குப் பதில் வரும். இதை முதலில் பரீட்சை பார்க்கப் பிள்ளை என்னையும் செல்வியையும் பிடித்துக்கொண்டது. அது பரீட்சை பார்க்கும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அமுக்கும். சோப்பு நுரையோடு அமுக்கும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அமுக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கும். ஏன் இப்படி என்றால், நீங்க இப்படித்தானே அமுத்துவீங்க என்று சொல்லும்.

நான் திரும்பத் திரும்பத் தப்பான பட்டனையே அமுக்கினேன். வெட்கமாகப் போய்விட்டது. நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவள், இதெல்லாம் எனக்கு வராதும்மா, வேறு யாரையாவது பார் என்றேன். அது கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு யோசித்தது. பட்டன் சின்னதாக இருக்கிறது, ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கிறது, உங்க மேல தப்பில்லக்கா என்றது. மறுவாரம் வந்தபோது ஒரு பட்டன் மேலே, ஒரு பட்டன் கீழே, ரெண்டும் இட்லி அளவுக்கு இருந்தன. அதற்குப் பிறகு நான் தப்பே செய்யவில்லை.

இது சின்ன விஷயம்தான். ஆனால் அன்று இரவு சாமி விளக்கைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில், வங்கியில், அரசாங்க ஆபீஸ் கவுண்டரில், எங்கே என்ன கோளாறு நடந்தாலும் எனக்குத்தான் விவரம் போதவில்லை என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். பட்டன் சின்னதாக இருக்கலாம் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லோரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். இந்த நோய் மட்டும் அவருக்கு வரக் கூடாது, வந்தால் தாங்கமாட்டார் என்று டயாலிசிஸ் நிலையத்துத் தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நான் வேலை விட்டு வந்ததும் பின்பக்கக் குழாயில் தலைக்குக் குளித்து, வேலைத் துணியை வெளியிலேயே தொங்கவிட்டு, பிறகுதான் உள்ளே போவேன். வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது, எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். காலையில் ஆத்தா படத்தைத் தொடும்போது நான் கேட்டது இந்த ஒன்றைத்தான். அவரை விட்டுவிடு தாயே.

அந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். ஒரு நாள் தேநீர் நேரத்தில் சொன்னேன். ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. நீங்கள் செல்வி அக்காவோடு துணி மடிப்பதைக் காட்டுங்கள் என்று எழுந்து வந்தது. பெரிய கம்பளியை ஒருவர் மடிக்க முடியாது. ரெண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேரும்போது கையும் கையும் தொடும், முகமும் முகமும் நெருங்கும். ஒரு நாளில் எத்தனையோ தடவை அப்படி நெருங்குவோம். அது பார்த்துக்கொண்டே நின்றது. இந்த வேலையில் ஒரு ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால் அவருடைய ஜோடியைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னது.

பிறகு ஒரு நாள் செல்விக்குக் கண் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். துணித்தூசி பட்டுவிட்டது அக்கா என்றாள். எங்களுக்கு அது புதிதில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன். அடுத்த சில நாளில் அவள் வேலை நேரத்திலேயே மூட்டை மேல் சாய்ந்துவிட்டாள். பரிசோதித்தார்கள், நோய் இருந்தது. பிறகு எனக்கு. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு. பிளாஸ்டிக் உடுப்புப் போட்டவர்கள் வந்து அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். லோரி எடுத்துக்கொண்டு வெளியூர் போகும்போது ஆட்டுவது போலவே ஆட்டினார்.

எனக்கு லேசாகத்தான் இருந்தது. வீட்டிலேயே அடைந்து கிடந்தேன். அப்போதுதான் உண்மை தெரிந்தது. செல்விக்குச் சாய்ந்து விழுவதற்குப் பல நாள் முன்பிருந்தே காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலையிலும் இல்லை, இல்லை என்றே அமுக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

அந்த வாரம் ஒரு நாள் அந்தப் பிள்ளை என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. தோசைப் பொட்டலம் ஒன்றைக் கேட்டில் மாட்டிவிட்டு, சாக்கடை ஓரமாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டது. நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"அக்கா, தப்பு என் மேல."

"பட்டன அமுத்துனது உன் கையா, அவ கையா?"

"அவங்க கைதான்."

"அப்புறம் என்ன பேசற நீ?"

"அந்தக் கேள்விக்கு ஆமான்னு சொன்னா அன்னைக்குச் சம்பளம் போயிரும். மாசக் கடைசில வருகைக்குக் கொடுக்குற காசும் போயிரும். அவங்க வீட்டுலயும் அவங்க சம்பளம் ஒன்னுதான். நான் காய்ச்சலா இல்லையான்னு கேக்கலக்கா. வீட்டு வாடகை கட்டணுமா வேணாமான்னு கேட்டிருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் அதே சம்பளம்தான் வாங்குகிறேன், எனக்குக் காய்ச்சல் என்றால் நான் சொல்லியிருப்பேன் என்றேன். அவளைச் சாமி கேட்கும் என்றேன். மழை தூறியது. பிள்ளை அப்படியே நின்றது.

கோபத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த நோய் வந்தால் வாசனை தெரியாது என்கிறார்களே, காலையில் சாம்பிராணி மணத்ததா, சாப்பாடு ருசித்ததா என்று கேள், நோயைப் பற்றியே கேட்காதே, பொய் சொல்கிறவர்கள் தன்னால் மாட்டுவார்கள் என்றேன்.

"கேக்கலாம்க்கா. ஒரு தடவ மாட்டுவாங்க. மறுநாள்லேர்ந்து மணக்காத சாம்பிராணியும் எல்லாருக்கும் மணக்கும். அதுக்கப்புறம் நம்மள ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

அன்றைக்கு அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். என் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், செய்தவளைத் திட்டக்கூட இது என்னை விடமாட்டேன் என்கிறதே என்றுதான் நினைத்தேன். தோசை ஆறி விறைத்த பிறகுதான் போய் எடுத்தேன்.

அந்தப் பிள்ளையின் தாயாரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் கோயிலுக்குப் போனபோது வீட்டுக்குக் கூட்டிப் போனது. பழைய அடுக்குமாடி, ரயில் போனால் சமையலறையில் டம்ளர்கள் லேசாகக் கிண்கிணிக்கும். அம்மாவின் மாத்திரை டப்பாக்களில் காலைக்கு மஞ்சள் கயிறு, ராத்திரிக்குக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அந்த அம்மா காப்பி கலக்கிக்கொண்டே மகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். சின்னதிலிருந்தே இப்படித்தானாம். யாராவது தட்டை உடைத்தால், ஓரத்தில் வைத்தது யார் என்று கேட்குமாம்.

"இவளைப் போலீஸ்ல சேத்தா ஒருத்தனையும் பிடிக்க மாட்டா. பூட்டு சரியில்லன்னு கடைக்காரனுக்குப் புத்தி சொல்லிட்டு வருவா."

நாங்கள் சிரித்தோம். பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, கட்டினவன் விட்டுட்டுப் போனான், அவனையும் இவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, பெத்தவ எனக்குத்தான் வயிறு எரியுது என்றார். பிள்ளை பக்கத்து அறையில் இருந்தது. கேட்டிருக்கும். வெளியே வந்து, அம்மா, அக்காவுக்குச் சீனி போட வேணாம் என்று மட்டும் சொன்னது. யாரையும் குற்றம் சொல்லாத மனசு லேசான மனசு என்று நான் நினைத்திருந்தேன். அன்று அந்த முகத்தைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

அம்மன் அருளால் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். பாதி ஆளாக வந்தார். நடந்தால் மூச்சு வாங்கும். இன்னொரு தடவை இது வந்தால் பிழைக்கமாட்டார் என்று இந்த முறை தாதி சொல்லவில்லை, டாக்டரே சொன்னார். சொன்னதைக் கேட்டுவிட்டு நான் வேலைக்குத்தான் போனேன். வேறு என்ன செய்வது?

செல்வியும் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் அவளைக் கடந்து போனேன். கம்பளி மடிக்கத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லையென்று மேனேஜர் எங்களையே ஜோடியாகப் போட்டார். முன்பெல்லாம் உதறுகிற ஒவ்வொரு கம்பளிக்கும் ஒரு கதை சொல்வாள் அவள். இப்போது உதறுகிற சத்தம் மட்டும்தான். முனையோடு முனை சேரும், கை படும், நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அந்த நாட்களில்தான் பிள்ளை புதிய செயலியோடு வந்தது. அதில் கேள்வியே இல்லை. ஒரே ஒரு பட்டன், 'இன்னைக்கு முடியல' என்று எழுதியிருந்தது. அமுக்கினால் அன்றைக்குச் சம்பளம் உண்டு, வருகைப் பணமும் போகாது. அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார். அமுக்கியவரின் பிரிவில் இருக்கும் மற்றவர்களுக்கு, உங்கள் பிரிவில் ஒருவருக்கு முடியவில்லை, பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று தகவல் போகும். பெயர் போகாது.

மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. தேநீர்க் கொட்டகையில் எங்கள் முன்னாலேயே பேச்சு நடந்தது.

"இந்தப் பட்டனக் கொடுத்தா நாளைக்கே பாதிப் பேருக்கு முடியாமப் போயிரும், மிஸ்."

அந்தப் பிள்ளை அவரையே பார்த்தது.

"சார், நீங்களும் தெனமும் ஆப்ல பதில் போடணும்ல? இன்னைக்குப் போட்டீங்களா?"

"போட்டேன். ஏன்?"

"தொண்டை கட்டியிருக்கே சார், உங்களுக்கு."

காலையிலிருந்தே அவர் குரல் கரகரவென்று இருந்ததை நாங்கள் எல்லாரும் கேட்டிருந்தோம். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். நான் வராவிட்டால் ஆஸ்பத்திரிக்கு லோரி கிளம்பாது என்று மெதுவாகச் சொன்னார். மாட்டிக்கொண்டார், இப்போது பிள்ளை கேட்கிற கேள்வியில் இவர் தலை குனிவார் என்று நான் காத்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது.

"அதான் சார். உங்க மேல தப்பில்ல. கேள்வி அப்படி இருக்கு."

எனக்குச் சொன்ன அதே வார்த்தை, செல்விக்காகச் சொன்ன அதே நியாயம். செல்வி மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, யாரையும் நெருங்காமல் சுவரோரமாக நடந்து வீட்டுக்குப் போனார். சாதாரணச் சளிதான், அவர் நாலைந்து நாளில் திரும்பி வந்துவிட்டார். வந்ததும் முதலாளியிடம் பேசினார். பட்டன் எங்கள் கைப்பேசிக்கு வந்தது.

வந்து என்ன, ஒருவரும் அமுக்கவில்லை. நீ அமுக்கிப் பார், நீ அமுக்கிப் பார் என்று கேலி பேசினார்களே தவிர, சம்பளத்தை வெட்டமாட்டார்கள் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. வாரங்கள் போயின. வீட்டில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம், யாராவது இன்றும் மாத்திரை போட்டுக்கொண்டு என் எதிரில் நின்றார்களோ என்றே மனசு அடித்துக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை காப்பித் தண்ணீர் அடுப்பில் இருந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். என் கைப்பேசி ஒலித்தது. உங்கள் பிரிவில் ஒருவருக்கு இன்று முடியவில்லை.

அடுப்பை அணைத்தேன். முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய், சன்னல் பக்கம் நின்று அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய தம்பியைப் போனில் கூப்பிட்டு அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். என் பாயும் தலையணையும் பின்கட்டுக்கு வந்தன. பிறகு வேலையிடத்துக்குப் போன் போட்டேன். மடிக்கும் பிரிவில் யார் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, எடுத்தவரே சொன்னார். செல்வி மட்டும்தான் வரவில்லை.

மத்தியானம் அந்தப் பிள்ளை கூப்பிட்டது. தகவல் ஒழுங்காக வந்ததா, எழுத்துத் தெரிந்ததா, புரிந்ததா என்று கேட்டது. உன் செயலி வேலை செய்துவிட்டதம்மா, எனக்கு இருக்கிறதோ இல்லையோ, அவர் பக்கத்தில் நான் போகவில்லை, உன்னால்தான் என்றேன்.

"நான் ஒன்னும் செய்யலக்கா. பட்டன் இத்தன வாரமா அங்கதான் கெடந்துச்சு. யாரோ ஒருத்தவங்க இன்னைக்கு அத அமுத்தியிருக்காங்க. சம்பளத்த வெட்டுவாங்களோ, கூட வேலை செய்றவங்க என்ன பேசுவாங்களோன்னு பயந்துகிட்டே அமுத்தியிருப்பாங்க. அது அவங்க செஞ்சதுக்கா. நான் செஞ்சதில்ல."

கெட்டது நடந்தபோதெல்லாம் செய்த கையைக் காட்டவே விடாத பிள்ளை அது. நல்லது ஒன்று நடந்தவுடன் செய்த கையைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்துவிட்டது.

"யாருன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"ஆப் சொல்லாதுக்கா" என்றது. "நானும் கேக்கல."

எனக்கு நோய் இல்லை என்று மறுநாள் முடிவு வந்தது. செல்விக்கும் வெறும் காய்ச்சல்தான் என்று பிறகு தெரிந்தது. மாதக் கடைசியில் அவளுக்குச் சம்பளம் முழுசாக வந்தது, அதற்கப்புறம் மற்றவர்களும் அமுக்கப் பழகிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை வேலை மாறி இப்போது வேறு நாட்டில் இருக்கிறது. தீபாவளிக்குக் கூப்பிடும்.

ஆனால் இந்த முடிவு எதுவும் தெரியாத அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பின்கட்டில் ஒரு சின்ன விளக்கை ஏற்றி வைத்துவிட்டு நான் கைப்பேசியை எடுத்தேன். மாதக்கணக்கில் எதிரெதிரே நின்று கம்பளி மடித்தும் ஒரு வார்த்தை பேசாதவள். மணி நெடுநேரம் அடித்தது.

"அக்கா" என்றாள். குரலே இல்லை.

"சாப்டியா?"

"கஞ்சி குடிச்சேன்." பிறகு, அத்தனை மாதமாகக் கேட்கத் துணியாததைக் கேட்டாள். "அண்ணே எப்படிக்கா இருக்காரு?"

கூடத்தில் அவர் தம்பியோடு பேசிச் சிரிப்பது சுவரைத் தாண்டிக் கேட்டது.

"நல்லா இருக்காரு செல்வி" என்றேன். "நீ படுத்துத் தூங்கு."